ஏஐயில் ஃபவுண்ட் ஃபுட்டேஜ்: பூதாகார உயிரினங்களைச் செய்வோர் கேட்கும் கேள்விகள்

கடல் பூதம், மலையைச் சுற்றிய பாம்பு, காட்டுக்கு மேலே தலை தெரியும் அரக்கன். இவற்றை யாரோ தற்செயலாகப் படம்பிடித்துவிட்டது போலச் செய்யும் வீடியோக்கள் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களில் நார்வே மீனவர் கதைகளில் வரும் கடல் பூதமான கிராக்கன்தான் உதாரணம். ஏன் என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்றால் சரியாக எது?

கதைக்குள் இருக்கும் ஆள் ஒருவர் கேமராவைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது எங்காவது மாட்டி வைத்திருக்க வேண்டும். சிசிடிவி, காரின் டேஷ்கேம், கல்யாண வீடியோகிராஃபரின் பழைய கேசட், மீனவர் கையில் இருக்கும் போன் என எதுவானாலும் சரி. "இதை யார் எடுத்தார், ஏன் அந்த நேரத்தில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது?" என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பூதத்தின் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் அழகாகச் சுற்றி வந்தால் அது வேறு வகைப் படம். நல்ல படமாகக்கூட இருக்கலாம், ஆனால் இது அல்ல.

எந்த உயிரினத்தை எடுத்துக்கொள்வது?

யாராவது நேரில் பார்த்ததாகச் சொல்லி, அதை ஒருவர் எழுதியும் வைத்திருக்கும் உயிரினம் என்றால் பாதி வேலை முடிந்தது. கிராக்கனை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

நார்வேயில் பெர்கன் நகரத்து பிஷப் எரிக் பொன்டோப்பிடான், 1752-53இல் வெளிவந்த தன் இயற்கை வரலாற்று நூலில் மீனவர்கள் சொன்னதை அப்படியே பதிவு செய்தார். கோடைக்காலத்தில் கரையிலிருந்து தள்ளிப் போய்க் கயிறு விட்டு ஆழம் பார்ப்பார்கள். வழக்கமாக 80, 100 பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) இருக்கும் இடத்தில் 20, 30 பாகம்தான் காட்டும். மீன் மட்டும் அள்ள அள்ள வரும். கீழே கிராக்கன் கிடக்கிறது என்று புரிந்துகொண்டு மீன் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆழம் இன்னும் குறைய ஆரம்பித்தால் அது மேலே வருகிறது என்று பொருள். துடுப்பை வலித்து ஓடிவிடுவார்கள். தள்ளி நின்று திரும்பிப் பார்த்தால் சின்னச் சின்னத் தீவுகள் போல ஏதோ எழும்பியிருக்கும். அதன் முதுகின் சுற்றளவு ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர் என்கிறார் பிஷப்.

இதில் கொடுக்கு, பல், கர்ஜனை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் எண் குறைகிறது, அவ்வளவுதான். இன்றைய படகில் கயிறுக்குப் பதில், ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. திரையில் 150 மீட்டர், 151, 149 என்று நின்றுகொண்டிருந்த எண் 90 ஆகி, 61 ஆகி, 44 ஆகிறது. படகில் இருப்பவர் திரையைத் தட்டிப் பார்க்கிறார். பூதத்தைக் காட்டாமலே உங்கள் முதல் 20 நொடி தயார்.

உண்மை விலங்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பெருங்கணவாய் இருக்கிறது. அதிகபட்சம் 12, 13 மீட்டர் நீளம் வரும். உயிரோடு அதன் இடத்திலேயே அதை முதன்முதலில் படம் பிடித்தது 2004இல்தான். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே ட்சுனெமி குபோதெராவும் க்யோய்ச்சி மோரியும் ஆழத்தில் இறக்கிய கேமராவில் சிக்கியது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்: இருட்டு, தூண்டில் கயிறு, நடுவே வெளிறிய ஓர் உருவம். உண்மையான ஆதாரம் எவ்வளவு எளிமையாக இருக்கும் என்பது அப்போது பிடிபடும்.

எந்தக் கருவி நல்லது?

இன்று எழுதும் பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். கூகுளின் வியோ 3 (2025 மே) படத்தோடு ஒலியையும் சேர்த்தே 8 நொடிக் கிளிப்பாகத் தருகிறது. க்ளிங், ரன்வே ஆகியவையும் இந்த வேலைக்குப் புழக்கத்தில் இருக்கின்றன. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் அலிபாபாவின் வான், டென்சென்ட்டின் ஹுன்யுவான் போன்ற திறந்த மாடல்களை வீட்டு கணினியிலேயே ஓட்டலாம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும்.

எதை எடுத்தாலும், ஒரு படத்தைக் கொடுத்து அதிலிருந்து வீடியோ எடுக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எழுத்தை மட்டும் நம்பினால் ஒவ்வொரு கிளிப்பிலும் படகின் நிறம் மாறும்.

ப்ராம்ப்ட் எப்படி எழுதுவது?

என்ன காட்சி வேண்டும் என்று ஏஐ மாடலுக்கு எழுதிக் கொடுப்பதுதான் ப்ராம்ப்ட். அதிலிருந்து "பிரம்மாண்டம்", "சினிமாட்டிக்", "8கே" போன்ற சொற்களை முதலில் தூக்கிப் போடுங்கள். அவை வந்தாலே மாடல் ட்ரெய்லர் மனநிலைக்குப் போய்விடும். எடுக்கும் ஆள், கையில் உள்ள கருவி, வெளிச்சம், குறுக்கே மறைப்பது என்ன, ஒரே ஓர் அசைவு. இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும் காட் மீன் பருவத்தை வைத்து ஒன்று:

"சிறிய மீன்பிடிப் படகின் ஓட்டுநர் அறைக்குள்ளிருந்து, உப்புக்கறை படிந்த ஈரக் கண்ணாடி வழியாகப் போனில் எடுத்தது. குளிர்காலக் காலை, மங்கிய வெளிச்சம், சாம்பல் நிறக் கடல், பனிமூட்டம். படகு இடப்பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் மட்டத்தில் வழுவழுப்பான, வெளிறிய சாம்பல் நிற மேடு. அதன் மேல் அலைகள் உடைகின்றன. மேடு மிக மெதுவாகத் தாழ்கிறது. போன் முதலில் கண்ணாடியின் நீர்த்துளிகளில் ஃபோகஸ் ஆகி, தாமதமாகத் தூரத்துக்கு மாறுகிறது. என்ஜின் சத்தம், காற்று."

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். "கிராக்கன்" என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னதுமே மாடலுக்கு ஞாபகம் வருவது கப்பலைச் சுற்றி வளைக்கும் எட்டுக் கைகள்தான். அடுத்து, "இசை வேண்டாம்" என்று எழுதவில்லை. வேண்டாததைச் சொன்னால் பல மாடல்கள் அதையே கொண்டுவந்து நிறுத்தும். வேண்டிய சத்தத்தைச் சொல்லிவிடுங்கள். தமிழில் எழுதிச் சரியாக வரவில்லை என்றால் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுங்கள். பெரும்பாலான மாடல்கள் அதில்தான் நுணுக்கமாகக் கேட்கும்.

என் பூதம் குளியல் தொட்டிப் பொம்மை மாதிரி தெரிகிறதே?

அதிகம் வரும் கேள்வி இது. பலர் பூதத்தை இன்னும் பெரிதாக்கச் சொல்லி ப்ராம்ப்ட்டில் 100 மீட்டர், 500 மீட்டர் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அதனால் ஒன்றும் மாறாது. அளவைச் சொல்வது பூதம் இல்லை, அதைச் சுற்றியுள்ள தண்ணீர், புகை, தூசு, நேரம் ஆகியவைதான்.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பூதத்தின் புகழ்பெற்ற படம் 1934 ஏப்ரல் 21 அன்று டெய்லி மெயில் இதழில் வந்தது. நீண்ட கழுத்தும் சின்னத் தலையுமாக இருக்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நாம் பார்ப்பதெல்லாம் ஓரம் வெட்டிய வடிவம். முழுப் படத்தில் கழுத்தைச் சுற்றி நீரில் பரவும் வளையங்கள் தெரிகின்றன. அவற்றின் அளவைப் பார்த்தால் உருவம் எவ்வளவு சிறியது என்று சந்தேகம் தட்டும். கடைகளில் விற்கும் பொம்மை நீர்மூழ்கி மேல் செதுக்கிய தலையை ஒட்டிச் செய்தது என்று 1994இல் விவரம் வெளிவந்தது. அறுபது ஆண்டு உலகை ஏமாற்றிய படத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது சுற்றியிருந்த தண்ணீர்தான்.

உங்கள் கிளிப்பிலும் அங்கேதான் தவறு இருக்கும். தண்ணீர்த் துளி சில மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக முடியாது, உடைந்துவிடும். ஆகவே நிஜமாகவே பெரிய ஒன்று கடலைக் கிழித்துக்கொண்டு எழுந்தால் அதன் உடலிலிருந்து வழிவது தனித்தனித் துளியாகத் தெரியாது. வெள்ளைத் திரையாக, புகையாக இறங்கும். மணி மணியாகத் தெறிக்கும் துளிகளைக் கண்டதும் பார்ப்பவர் மூளை "சின்னது" என்று முடிவு கட்டிவிடும். விழும் வேகமும் அப்படித்தான். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் முக்கால் நொடியில் கீழே வரும். 30 மீட்டரிலிருந்து வர சுமார் இரண்டரை நொடி ஆகும். ப்ராம்ப்ட்டில் "துளிகள்" என்று எழுதாமல் "நீர்ப்புகை", "மெல்ல இறங்கும் வெண்திரை" என்று எழுதிப் பாருங்கள்.

கடைசியாகத் தூரம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பது கருப்பாக, கூர்மையாகத் தெரியக் கூடாது. நடுவே உள்ள காற்று அதை வெளுக்க வைக்கும். செதில் செதிலாக விவரம் தெரிந்தால் அது பக்கத்தில் இருக்கிறது, சிறியதாக இருக்கிறது என்றே படும். எடிட்டிங்கில் பூதத்தின் கருமையை வானத்தின் நிறத்தை நோக்கிக் கொஞ்சம் தூக்கினாலே அது சட்டென வளர்ந்துவிடும்.

நிலத்தில் நடக்கும் பூதம் எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும்?

கணக்கு இருக்கிறது. காலின் நீளம் எத்தனை மடங்கோ, அதன் வர்க்கமூலம் எவ்வளவோ, அத்தனை மடங்கு நேரம் ஓர் அடிக்குப் பிடிக்கும். மனிதன் நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறான். 60 மீட்டர் உயர அரக்கன் நம்மைப் போல 35 மடங்கு. வர்க்கமூலம் ஏறக்குறைய 6. ஆகவே அவனுக்கு ஓர் அடிக்கு 3 நொடி. 8 நொடிக் கிளிப்பில் மூன்றாவது அடி முழுசாக விழாது.

மினியேச்சர் வைத்துப் படமெடுத்த காலத்திலும் இதே கணக்குதான். பதினாறில் ஒரு பங்கு அளவு மாடல் என்றால் கேமராவை நொடிக்கு 24க்குப் பதில் 96 ஃபிரேமில் ஓட்டுவார்கள். ஏஐ மாடல்களுக்கு இது தெரிவதில்லை, பல்லியின் சுறுசுறுப்போடு ஓட விடுகின்றன. வந்த கிளிப்பைப் பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி, இடையில் ஃபிரேம் நிரப்பும் வசதியால் மென்மையாக்குங்கள். பூதம் மட்டும் மெதுவாக, கேமராவின் நடுக்கம் சாதாரண வேகத்தில் வேண்டும் என்பதால், மாடலிடம் அசையாத ஷாட்டாகக் கேட்டு வாங்கிவிட்டு நடுக்கத்தைப் பிறகு சேருங்கள்.

நடுக்கத்தை எப்படிச் சேர்ப்பது?

போனை எடுத்து, நிஜமாக ஓடி, ஏதாவது ஒரு சுவரைப் படம் பிடியுங்கள். அந்த அசைவை எடிட்டரில் டிராக் செய்து (அசைவின் தடத்தைப் பிடித்து) ஏஐ கிளிப்பின் மேல் ஏற்றினால் போதும். தயாராகக் கிடைக்கும் "ஷேக்" எஃபெக்ட்டுகள் ஒரே தாளத்தில் ஆடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பயந்தவர் கை எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் 1967 அக்டோபர் 20 அன்று எடுத்த, பிக்ஃபுட் (குரங்கு மனிதன் போன்ற காட்டு உயிரினம்) என்று சொல்லப்படும் அந்த 16 எம்எம் சுருள் ஒரு நிமிடம்கூட வராது. ஆரம்பத்தில் கேமரா கண்டபடி ஆடுகிறது, பிறகு கொஞ்ச நேரம் நிலைக்கிறது. அந்த நேரத்தில் உருவம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. உண்மையா பொய்யா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். காட்சி அமைப்பு என்ற அளவில் பாடம் அதுதான்.

ஒலிக்கு என்ன செய்வது?

படத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

முதலில் தாமதம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கால் ஊன்றினால் 3 நொடி கழித்துத்தான் "தொம்" என்று கேட்க வேண்டும். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் விண்கல் வெடித்தபோது கார்களின் டேஷ்கேம்களில் பதிவானதைப் பாருங்கள். கண்ணைக் கூசும் வெளிச்சம் வருகிறது, போகிறது, வானத்தில் புகைக்கோடு மட்டும் நிற்கிறது. ஜனங்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு வருகிறார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து அதிர்வு வந்து கண்ணாடியை நொறுக்குகிறது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயங்கள். அந்த இடைவெளியின் அமைதியை எந்த அலறலாலும் கொண்டுவர முடியாது. மாடல் தரும் ஒலியை அப்படியே வைத்தால் காலும் சத்தமும் ஒரே நொடியில் விழும். பிரித்தெடுத்துத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது, அடிவயிற்றைக் கலக்கும் ஆழ்ந்த ஓசை எதுவும் போன் ஸ்பீக்கரில் கேட்காது. உங்கள் வீடியோவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள். ஆகவே ஓசையைக் காட்டாமல் அது எதை ஆட்டுகிறது என்பதைக் கேட்க விடுங்கள்: ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு, அடுக்கில் இருக்கும் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதுவது, தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக அலறும் கார் அலாரம். இவற்றை வீட்டிலேயே பதிவு செய்யலாம்.

பேச்சு வேண்டுமென்றால் சொந்தக் குரல்தான் நல்லது. மாடல் தரும் வசனம் நாடக மேடைக் குரலில் வரும். உங்களுக்கு நார்வீஜியன் தெரியாமல் நார்வே மீனவருக்கு வசனம் வைக்காதீர்கள். மூச்சிரைப்பு மட்டும் போதும்.

8 நொடிக் கிளிப்புகளை ஒட்டினால் ஒவ்வொன்றிலும் பூதம் வேறாக இருக்கிறதே?

ஒரு கிளிப்பின் கடைசி ஃபிரேமை அடுத்த கிளிப்பின் முதல் படமாகக் கொடுப்பது வழக்கம். மூன்று, நான்கு முறைக்கு மேல் போனால் நிறமும் வடிவமும் வழுக்கிக்கொண்டே போகும். ஃபவுண்ட் ஃபுட்டேஜில் இதற்குச் சுலபமான வழி உண்டு: போன் கீழே விழுகிறது, விரல் லென்ஸை மறைக்கிறது, எடுப்பவர் கதவுக்குப் பின்னால் ஒளிகிறார். அந்த மறைப்பில் வெட்டுங்கள்.

இடையிடையே உண்மையான ஷாட்டுகளையும் நுழையுங்கள். மேலே சொன்ன எக்கோ சவுண்டர் திரையை ஏஐயிடம் கேட்டால் எண்கள் புழுவாய் நெளியும். எண் குறைவது போல ஒரு சின்ன அனிமேஷன் செய்து, டேப்லெட்டில் ஓட விட்டு, அறையை இருட்டாக்கி, அதைப் போனில் எடுங்கள். திரையில் உங்கள் நிழல் விழும், கோடுகள் மினுங்கும். நம்பகத்தன்மை முழுக்க அந்த ஷாட்டில் இருக்கும்.

பழைய கேசட் தோற்றம்?

ஃபில்டரை நம்பாமல், வீடியோவைப் பழைய டிவியில் ஓட விட்டு மறுபடி படம் பிடியுங்கள். ஓடும் நிலையில் விசிஆர் இருந்தால் அதில் ஒருமுறை பதிந்து எடுங்கள். இந்தியாவில் எடுத்ததாகக் காட்டினால் பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா என்றால் 29.97. மூலையில் வரும் தேதியை எடிட்டிங்கில் போடுங்கள். சமீபத்து வீடியோ என்றால் கேசட் வேஷம் எதற்கு? வாட்ஸ்அப்பில் நாலு குரூப் சுற்றி வந்த கட்டங்கட்டமான தோற்றம்தான் இன்றைய ஃபவுண்ட் ஃபுட்டேஜ்.

யாளியைச் செய்யலாமா?

தாராளமாக. சிங்க உடல், துதிக்கை, கோரைப்பல் என்று கலந்து வரும் யாளியை மாடல்களுக்குச் சரியாகத் தெரியாது. சிங்கமாகவோ சீன டிராகனாகவோ வரும். சொந்தமாக எடுத்த படங்களை ஆதாரமாகக் கொடுக்க வேண்டும். கோயில்களுக்குள் அலைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதால், தொல்லியல் துறை பராமரிக்கும் திறந்தவெளிச் சின்னங்களுக்குப் போவது எளிது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பம் புலிக்குகையில் வாயிலைச் சுற்றி யாளித் தலைகள் வளையமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பல்லவர் வேலை, பக்கத்திலேயே கடல். இதைவிட நல்ல லொகேஷன் கிடைக்காது.

நடைக்கு யானையைப் பாருங்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுக்காது, குதிக்காது. அந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே யாளிக்கு எடை வந்துவிடும்.

ஒரு சங்கடம் உண்டு. யாளி நிஜமாகவே வாழ்ந்தது என்று அடித்துச் சொல்லும் வீடியோக்கள் தமிழில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கின்றன. எலும்பு ஒன்றும் கிடைத்ததில்லை; அது சிற்பியின் கற்பனை, அதில்தான் அதன் பெருமையும். உங்கள் கிளிப் நாளைக்கு அந்த வீடியோக்களில் ஆதாரமாக ஓடும். படத்துக்குள்ளேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் ஏஐ என்று எழுதிவிடுங்கள்.

ஏஐ என்று போட்டுவிட்டால் பயம் போய்விடாதா?

போகாது. பேய்ப் படத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் பயப்படுகிறோம். மேலும் இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. நடக்காததை நிஜம் போலக் காட்டும் வீடியோவுக்கு யூடியூப் 2024 மார்ச் முதல் அறிவிப்புக் கேட்கிறது. ஒற்றைக்கொம்புக் குதிரை மேல் சவாரி போன்ற வெளிப்படையான கற்பனைக்கு விலக்கு உண்டு. ஆனால் நாம் செய்வதே நிஜம் போலத் தெரியத்தானே, ஆகவே டிக் செய்துவிடுங்கள். இந்தியாவில் 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் உள்ள தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தமும் செயற்கையாக உருவாக்கிய காட்சிகளுக்கு அடையாளம் கேட்கிறது. கூகுள் கருவிகள் கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி முத்திரையையும் பதிக்கின்றன.

நம்புவார்களா என்ற சந்தேகமே வேண்டாம். 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கடல்கன்னி பற்றி ஆவணப்பட வேஷத்தில் ஒரு நிகழ்ச்சி ஓடியது. கடைசியில் அந்நாட்டுக் கடல் ஆய்வு அமைப்பான நோவா, கடல்கன்னிகளுக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று இணையத்தில் எழுத வேண்டியதாயிற்று.

நிஜ ஊரை வைத்து எடுக்கலாமா?

ஊரை வைக்கலாம், பேரழிவை வைக்க வேண்டாம். நாகப்பட்டினத்திலோ முல்லைத்தீவிலோ கடல் உள்வாங்குவது போலவும் பேரலை எழுவது போலவும் நிஜத் தோற்றத்தில் செய்யாதீர்கள். 2004 டிசம்பர் 26இல் வீட்டு ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கரையில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கிளிப் பூதம் வரும் முன்பே வெட்டப்பட்டு, "கடல் உள்ளே வருகிறது" என்று இரவோடு இரவாகக் குரூப்களில் சுற்றும். கற்பனைக் கிராமம் ஒன்றுக்குப் பெயர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

காப்புரிமைச் சிக்கல் வருமா?

கிராக்கன், யாளி, மகரம் எல்லாம் பொதுச்சொத்து. திரைப்பட நிறுவனங்களுக்குச் சொந்தமான ராட்சதப் பல்லிகளையும் குரங்குகளையும் தொடாதீர்கள். உங்கள் வீடியோவுக்கு உரிமை கோருவது வேறு விஷயம்: வெறும் ப்ராம்ப்ட் எழுதியதற்காக மட்டும் காப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லிவிட்டது. நீங்களே பதிந்த ஒலி, எடுத்த ஷாட், எடிட்டிங் எல்லாம் இருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும்.

யூடியூபில் வருமானம் வருமா?

வரும், ஆனால் தினமும் ஒரே அச்சில் பத்து பூதம் வார்த்துப் போடும் சேனலுக்கு வராது. ஒரே மாதிரி கூட்டமாக உற்பத்தி செய்யும் வீடியோக்கள் மீதான விதியை யூடியூப் 2025 ஜூலை 15 முதல் இன்னும் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரு படகு, ஒரு குடும்பம், ஒரு பருவம் என்று கதையாகத் தொடருங்கள். பூதம் மூன்றாவது பகுதியில் வந்தால் போதும்.